ஆடு தானாகத்தானே மேயும்?

கேள்வி, 8 ஜூன் 2024

அண்ணே, எனக்குச் சொந்த ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே. வேலை மதுரையில், கம்ப்யூட்டர் முன்னால். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் சும்மா கிடக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா என்று பண்ணை வைத்தால் செலவில் பாதி, 10 லட்சம் வரை மானியம் என்கிறார்கள். கொட்டகை போட்டு, மேய்க்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டால் போதும். மேய்வது ஆட்டின் வேலை, அதில் நமக்கென்ன வேலை? இதற்குப் பயிற்சி வகுப்பு வேறு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சிரித்துவிட்டேன். நான் நினைப்பது சரிதானே?

பதில், 8 ஜூன், இரவு

இல்லை.

9 ஜூன்

ஒற்றை வார்த்தையில் பதில் போட்டதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபம் எனக்கும்தான் வந்தது. என்னிடம் செம்மறி 62, வெள்ளாடு 14. கள்ளிக்குடிப் பக்கம் 22 வருஷமாக இந்தப் பிழைப்பு. நமக்கென்ன வேலை என்று கேட்டால் எங்கிருந்து ஆரம்பிக்க?

சரி, காலையில் பட்டி திறப்பதை மட்டும் சொல்கிறேன். தட்டியை முழுசாகத் திறக்கக்கூடாது. இரண்டு ஆடு நெருக்கியடித்துக்கொண்டு வருகிற அளவுக்குத்தான் இடம் விட வேண்டும். ஓரமாக நின்று இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டே முகத்தைப் பார்க்கணும், காலைப் பார்க்கணும், வாலடியைப் பார்க்கணும். மூக்கில் சளி காய்ந்திருக்கிறதா, பின்னங்காலில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா. வழக்கமாக முதல் பத்துக்குள் முட்டிக்கொண்டு வருவது அன்றைக்கு நாற்பதாவதாக வந்தால் அதற்கு என்னவோ இருக்கிறது. கடைசியில் வருவது எப்போதும் கடைசியில் வருகிற கிழடாக இருந்தால் கவலையில்லை. எல்லாம் வெளியே வந்த பிறகு உள்ளே போய் ராத்திரி படுத்திருந்த இடத்தைப் பார்க்கணும். புழுக்கை மணிமணியாகக் கிடந்தால் நல்லது. களியாகக் கிடந்தால் அது யாருடையது என்று அன்றைக்கு மத்தியானத்துக்குள் கண்டுபிடிக்கணும்.

இத்தனையும் ஐந்து நிமிஷம். இன்னும் மேயப் போகவே இல்லை.

9 ஜூன், மத்தியானம்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஐந்து நிமிஷம் எனக்கு. எங்கய்யாவுக்கு ஒரு பீடி.

11 ஜூன்

மானியக் கணக்குக்கு வருவோம். அது பொய்யில்லை. 2021இல் திட்டத்தை மாற்றியபோது வந்தது. 100+5 என்று தொடங்கி 500+25 வரை போகலாம், அதற்கு 50 லட்சம் வரை. கணக்கைக் கவனியுங்கள், 20 பெட்டைக்கு ஒரு கிடா. அந்த விகிதத்தைப் போட்டவருக்கு ஆடு தெரிந்திருக்கிறது.

தம்பி சொல்லாமல் விட்ட கணக்கு தீனி. வளர்ந்த வெள்ளாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால் 105 உருப்படிக்கு 420 கிலோ. தினமும். ஞாயிற்றுக்கிழமையும், தீபாவளியன்றும், தம்பிக்குக் காய்ச்சல் என்றாலும். இரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல் சித்திரையில் எப்படி இருக்கும் என்று அப்பாவைக் கேளுங்கள். வெடிப்பில் காலை விட்டால் முழங்கால் வரை போகும். கிணறு இருக்கிறதா, இல்லையா? கேள்வியில் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொட்டகைக்கு முன்னால் தீவனம் முளைத்து நிற்க வேண்டும். கம்பு நேப்பியர், வேலிமசால், வரப்போரம் அகத்தி. இதைப் போட்டு ஆறு மாதம் கழித்து ஆடு வாங்கினால் பிழைக்கலாம். கொட்டகைக்குப் பெயின்ட் அடித்துவிட்டுத் தீவனத்துக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வருஷத்தில் அந்தக் கொட்டகையில் வைக்கோல்தான் அடைந்திருந்தது.

14 ஜூன், வெள்ளி

திருமங்கலம் சந்தையிலிருந்து இப்போதுதான் வந்தேன். திங்கட்கிழமை பக்ரீத், அதனால் கால் வைக்க இடமில்லை. ஆறு கிடா கொண்டுபோனேன், ஆறும் போயிற்று. விலை சொல்ல மாட்டேன், பங்காளிகள் படிக்கிறார்கள்.

பக்ரீத்துக்கு வாங்குகிறவர் பார்ப்பது வேறு. ஒரு வயது நிறைந்திருக்கணும், கண் காது காலில் பழுது இருக்கக்கூடாது. கறிக்கடைக்காரர் பார்ப்பது வேறு. அவர் கண்ணால் பார்ப்பதே குறைவு. முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, விரலை இரண்டு பக்கமும் இடுப்பு வரை இழுப்பார். எலும்பு முனை விரலில் குத்தினால் ஒரு விலை, சதைக்குள் புதைந்து தட்டுப்படாமல் போனால் ஒரு விலை. உயிரெடையில் ஏறக்குறையப் பாதிதான் கறி. அதில் ஒரு கிலோ முன்னே பின்னே தப்பினால் அவருக்கு அன்றைக்கு லாபம் இல்லை. முந்தின ராத்திரி உப்பைக் கொடுத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை ரொப்பிக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு. அந்தக் கை வயிற்றுப் பக்கமே போகாது.

அப்புறம் பல். ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மேலே வெறும் ஈறு. பால்பல் எட்டு. ஒன்று ஒன்றரை வயதில் நடுவில் இரண்டு விழுந்து பெரிய பல் இரண்டு வரும். வருஷத்துக்கு ஒரு சோடி என்று கூட்டிக்கொண்டே போனால் எட்டும் சேரும்போது நாலு வயதுப் பக்கம். கேட்டால் விற்கிறவர் எல்லோரும் 'ரெண்டு பல்லு' என்பார்கள். உதட்டை விலக்கிப் பாருங்கள். தானம் கொடுத்த மாட்டுக்குத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.

மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது இப்போது குறைந்துவிட்டது. இன்றைக்கு ஒரு வயதானவர் ஆட்டுக்கே அப்படிப் பேசினார். என் மகன் அதைப் படம் எடுக்கப் போய்த் திட்டு வாங்கினான்.

15 ஜூன்

கம்பளி எப்போது வெட்டுவீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, இந்தப் பக்கத்துச் செம்மறிக்கு முடிதான், கம்பளி கிடையாது. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் எல்லாம் கறிக்கு வைப்பது. வேம்பூரை வெள்ளை உடம்பில் செம்பொட்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், எங்களுக்குப் பொட்டு ஆடு. கம்பளி வேண்டுமென்றால் திருச்சி கருப்பு இருக்கிற பக்கம் போகணும். என் ஆட்டை வெட்டினால் உங்களுக்கு ஒரு கைக்குட்டை கூடத் தேறாது.

3 ஜூலை

வெள்ளாட்டுக்கு வயிறு உப்புசம், என்ன செய்ய என்று ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கேட்டிருந்தார். ஈரக் குதிரைமசாலில் ஒரு மணி நேரம் விட்டாராம். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் மேடாகி, தட்டினால் மத்தளம் மாதிரிக் கேட்டால் அது உப்புசம்தான். ஐம்பது, நூறு மில்லி சமையல் எண்ணெய் எடுத்துத் தலையை நன்றாகத் தூக்கிப் பிடித்து ஊற்றுங்கள். முன்னங்காலை மேட்டில் வைத்து நிறுத்துங்கள். கேட்கவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது.

4 ஜூலை, விடியற்காலை

நேற்று எழுதியதில் பெரிய தப்பு, தூக்கக் கலக்கம். தலையைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது. தலை மட்டமாக இருக்கணும், வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடணும், நாக்கைப் பிடித்து இழுக்கக்கூடாது. அண்ணாந்த வாயில் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். உப்புசத்தில் தப்பிய ஆடு மூன்றாம் நாள் இருமிச் சாகும். எனக்கு இது நன்றாகவே தெரியும், என் கையாலேயே ஒன்றை அப்படிக் கொன்றிருக்கிறேன். தெரிந்தும் நேற்றுத் தப்பாக எழுதினேன் பாருங்கள்.

கேட்டவரின் ஆடு பிழைத்துக்கொண்டது. அவர் நான் எழுதியதைப் படிக்கவே இல்லையாம். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொண்டார்.

21 ஜூலை

பயிற்சி வகுப்பைக் கேட்டுச் சிரித்ததாகத் தம்பி எழுதியிருந்தார். நானும் சிரித்தவன்தான். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்துக்கு ஒரு தரம் கட்டாயத்தின் பேரில் போனேன். எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற நினைப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கற்றது ஒன்றே ஒன்று. கண்ணின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டு உள்நிறத்தைப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் விட்டுவிடு. வெளிறிப் போயிருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கிற புழு இருக்கிறது, அதற்கு மட்டும் மருந்து கொடு. அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எல்லா ஆட்டுக்கும் வரிசையாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்படி ஊற்றினால் புழுவுக்கு மருந்து பழகிவிடும், பிறகு எதற்கும் சாகாது. என் ஆட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கய்யாவிடம் வந்து பெருமையாகச் சொன்னேன். இமையை இழுத்துப் பார்ப்பது அவருக்கும் தெரிந்திருந்தது. "வெளுத்தா வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுப்போம்" என்றார். இருபது வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். நீ கேட்கவில்லை என்றார்.

19 ஆகஸ்ட்

அவசரமாக ஒன்று. கிணற்றுத் தண்ணீரில் கோடைச் சோளம் போட்டவர்கள் மறுதாம்பில் ஆட்டையும் மாட்டையும் விட வேண்டாம். அறுத்த தூரில் திரும்பத் துளிர்த்து, காய்ச்சலில் வாடி, இப்போது ஒரு மழையில் பச்சென்று நிற்கும். பார்த்தால் நமக்கே தின்னத் தோன்றும். அந்தக் குருத்தில்தான் சயனைடு விஷம். எங்கள் சித்தப்பாவின் கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் மேய்ந்தது. வீட்டு வாசலுக்கு வரவில்லை. மருத்துவர் வந்தபோது ரத்தத்தைக் காட்டினார், செக்கச்செவேல் என்று இருந்தது. உடனே பார்த்தால் ஊசி உண்டு, நேரம்தான் இருக்காது. சோளம் பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள், அதுவரை பொறுங்கள்.

12 செப்டம்பர்

ராத்திரியில் ஆட்டை வயலில் அடைத்து எருவாக்குகிற கிடையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டாயிற்று. நான் கிடை போடுகிறவன் இல்லை, போடச் சொல்கிறவன். அறுவடை முடிந்த பிறகு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு கீதாரி, மந்தையோடு ஊர் ஊராகப் போகிற மேய்ப்பர், எங்கள் ஊருக்கு வருவார். மூன்று நாலு குடும்பத்து ஆடு ஒன்றாகச் சேர்ந்து சில நூறு இருக்கும். பகலில் கண்மாய் உள்வாயிலும் தரிசிலும் மேய்ச்சல். ராத்திரி என் வயலில் வலை கட்டி அடைப்பு. மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த பாத்தி. புழுக்கையைவிட மூத்திரத்துக்குத்தான் நான் காசு கொடுப்பது, கிடை கிடந்த இடத்தில் பயிரின் பச்சையே தனியாகத் தெரியும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார்கள். இவ்வளவு ஆட்டுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேச்சு. சிலர் நெல்லாக அளப்பார்கள்.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் பார்த்ததைச் சொல்கிறேன். பகலெல்லாம் குட்டிகள்மேல் கூட்டைக் கவிழ்த்துவைத்து, ஒரு கிழவியைக் காவல் வைத்துவிட்டுத் தாய்களை மேய்க்கப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போது இருட்டு கட்டிவிட்டது. கூட்டைத் தூக்கியதும் நாற்பது குட்டியும் கத்துகிறது, தாய்களும் கத்துகிறது, காது அடைத்துப்போகும். கீதாரி ஒவ்வொரு குட்டியாகத் தூக்கினார். முகத்தருகே கொண்டுபோவார், ஒரு பார்வை, நேராக ஒரு தாயிடம் போய் மடியில் விடுவார். நாற்பதில் ஒன்றுகூட மாறவில்லை. மாறினால் தாய் முகர்ந்து பார்த்து முட்டித் தள்ளிவிடும், ஒரு தாயும் முட்டவில்லை. எனக்கு என் பட்டியில் குட்டிகளைப் பகல் வெளிச்சத்தில்கூட அப்படித் தெரியாது. எப்படி என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "தாய் சாடை இருக்குல்ல" என்றார். குட்டி எல்லாம் எனக்கு ஒரே சாடை.

இதை எழுதிய பிறகு ஜூன் 9ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். பட்டி திறப்பதைப் பெரிய வித்தை மாதிரி எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

13 செப்டம்பர்

சம்பளத்துக்கு ஆள் வைப்பது பற்றித் தம்பி மறுபடி கேட்கிறார். அந்தக் கீதாரி மாதிரி ஒருவர் கிடைத்தால் வையுங்கள். ஆனால் அவர் ஏன் உங்களிடம் சம்பளத்துக்கு வரப்போகிறார்? அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆடு மேய்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம்.

25 அக்டோபர், வெள்ளி

மதுரையில் கொட்டித் தீர்க்கிறது என்று போன் மேல் போன். இங்கே நேற்றிலிருந்தே விட்டுவிட்டுத் தூறல். ஆடு நனைந்து நிற்கிறது, பட்டி சகதி. கரிசல் சகதி குளம்பிடுக்கில் அப்பிக் காய்ந்தால் புண்ணாகும். சுண்ணாம்புத் தூளும் சரளையும் போட்டு மேடு கட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

9 நவம்பர்

ஐந்து ஆடு போயிற்று. ஒரே ராத்திரியில் இல்லை, நாலு நாளில்.

துள்ளுமாரி நோய். மழைக்குப் பிறகு வரப்பெல்லாம் இளம்புல் முளைத்துக் கிடந்தது. இத்தனை மாதம் காய்ந்த சருகைத் தின்ற ஆடு, ஆசையாக மேயட்டும் என்று விட்டேன். குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கிற கிருமி, இப்படித் திடீரென்று கொழுத்த தீனி விழுந்தால் பெருகி விஷம் கக்கும். நேற்று மத்தியானம் ஒரு மறி நன்றாக மேய்ந்துகொண்டிருந்தது. திடுமென்று துள்ளியது, தலையைப் பின்னால் வளைத்து விழுந்தது, காலை உதைத்தது, அவ்வளவுதான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வாயில் கடித்த புல் அப்படியே இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் மெலிந்தது சாகாது. நல்ல தீனிக்காரக் குட்டிதான் முதலில் போகும். ஐந்தும் நான் தைக்கு என்று பொத்தி வளர்த்தது.

இதற்கு ஊசி உண்டு, மழைக்கு முன்னால் போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போட்டால் மூன்று வருஷம் நிற்கும். இது வருஷா வருஷம் போடணும். ஆவணியில் போடுவதாக இருந்தது. அன்றைக்குக் கல்யாண வீடு, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், அதற்கடுத்த வாரமும் விட்டேன். மற்றவர்களுக்கு ஐந்து மாதமாக இங்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அது இருக்கட்டும்.

10 நவம்பர்

காப்பீடு உண்டா என்று கேட்கிறார்கள். இருந்தது. காதில் அட்டை இருந்தால்தான் பணம். செத்த ஐந்தில் இரண்டின் காதில் அட்டை இருந்தது. மற்ற மூன்றும் கருவேல முள்ளில் மாட்டிக் காதோடு கிழித்துக்கொண்டு எப்போதோ தொலைத்தவை. காதின் கிழிசலைக் காட்டினேன். கிழிசலில் எண் இல்லையே என்றார் வந்தவர். அவர் சொன்னதும் நியாயம்தான், இருந்தாலும் அந்த நேரத்தில் அவரைப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் காதை வெட்டி அடையாளம் வைத்தார்கள், ஒரு வீட்டுக்கு ஒரு வெட்டு. அது முள்ளில் தொலையாது. இப்போது செய்தால் வதை என்பார்கள்.

அட்டை விழுந்த அன்றே புது அட்டைக்குச் சொல்லிவிடுங்கள். எழுதுவதற்கே அலுப்பாக இருக்கிறது.

2 டிசம்பர்

நல்ல செய்தி. நேற்று ராத்திரி ஐந்து ஈற்று, ஐந்து குட்டி. ஜூலைத் தொடக்கத்தில் கிடா சேர்ந்தது, ஐந்து மாதக் கணக்கு அப்படியே வந்திருக்கிறது.

ஈற்று நேரத்தில் கற்க வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பனிக்குடம் உடைந்து முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் தெரிந்தால் அது தன் பாட்டில் வரும், நீங்கள் டார்ச்சை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு கால் மட்டும் தெரிந்தால், வால் முதலில் தெரிந்தால், முக்கி முக்கி முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையென்றால்தான் கைக்கு வேலை. நகத்தை வெட்டிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. வந்த பிறகு மூக்குச் சளியைத் துடை, தொப்புளில் அயோடின் வை, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். சீம்பால் குடிக்காத குட்டி பத்து நாளில் ஏதாவது ஒன்றில் போய்விடும்.

ஒரு தாய்க்கு இரட்டை, பால் போதாது. இன்னொன்றுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. (ஐந்து என்று எழுதியது உயிரோடு இருப்பதை.) செத்த குட்டியின் தோலை உரித்து, இரட்டையில் ஒன்றுக்குச் சட்டை மாதிரிப் போர்த்திக் கட்டினோம். தாய் முகர்ந்தது, ஒரு தரம் முட்டியது, மறுபடி முகர்ந்தது. விடிகிற நேரத்துக்கு வாலாட்டிக்கொண்டு குடித்தது. மூன்று நாள் கழித்துத் தோலை எடுத்துவிடலாம், அதற்குள் இதன் வாசனையே அதற்குப் பழகிவிடும். இது எந்த வகுப்பிலும் கற்றதில்லை. ஆச்சி செய்ததைப் பார்த்தது. மாட்டுக்கு வைக்கோல் கன்று நிறுத்திப் பால் கறப்பார்களே, அதில் எனக்கு மனசு ஒப்புவதில்லை. இதில் ஒப்புகிறது. ஏன் என்று தெரியவில்லை, இங்கே பால் குடிக்கிறது ஒரு குட்டி என்பதாலோ.

20 டிசம்பர்

ஜல்லிக்கட்டு மாடு வளர்ப்பதும் இதுவும் ஒன்றா என்று ஒருவர். இல்லை. ஆனால் ஒரு தொடுப்பு உண்டு. நம் பக்கத்து வாடிவாசலில் வருகிற காளைகளில் புலிக்குளம் நிறைய. அந்த இனத்துக்கு ஊர்ப் பெயர், சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம். அதைக் கிடை மாடு என்றும் சொல்வோம். பாலுக்கு வைத்ததில்லை, கன்றுக்குப் போக மிஞ்சாது. நூற்றுக்கணக்கில் சேர்த்து ஓட்டி, வயலில் அடைத்து எருவுக்குக் காசு வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் மனிதர் வாடை அதிகம் படாமல் வளர்ந்த கன்றுதான் வாடியில் அப்படிச் சீறுகிறது.

கிடை குறையக் குறைய மாடும் குறைகிறது. கோடையில் மலைக்கு ஏற்றுவார்கள், மேகமலைப் பக்கம். 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. 2022இல் வனத்துக்குள் மேய்ச்சலே கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. புலிக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. கீழே மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் கல் நட்டு பிளாட் ஆனது எந்தப் புலிக்கு என்றுதான் கேட்கிறேன்.

வழி மாறிப்போய்விட்டேன். கேள்வி ஆட்டைப் பற்றியது.

16 ஜனவரி 2025

அலங்காநல்லூர் டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் வாடிவாசலைப் பார்க்கிறீர்கள், வீட்டு மாட்டையும் ஒரு பார்வை பாருங்கள். நேற்று மாட்டுப் பொங்கலுக்குப் பாசமாக ஆளுக்கொரு கவளம் சோறு ஊட்டியிருப்பீர்கள். பச்சரிசிச் சோறும் வெல்லமும் வயிற்றில் போய்ப் புளித்தால் அசை நிற்கும், தீனி எடுக்காது, தண்ணீராகக் கழியும், படுத்தால் எழுந்திருக்காது. ஒவ்வொரு தையிலும் மருத்துவர்களுக்கு இதே வேலை. ஒரு வாய் ஊட்டிவிட்டு மிச்சத்தை நீங்கள் சாப்பிடுங்கள். நான் நேற்று என் வெள்ளாட்டுக்கு ஊட்டப் போனேன், அது பொங்கலை விட்டுவிட்டு வாழை இலையைத் தின்றது.

26 ஜனவரி

கேள்வி கேட்ட தம்பி நேரில் வந்தார். மோட்டார் சைக்கிளில், புது தொப்பி. ஏழு மாதமாக இவரைத் திட்டித் திட்டி எழுதியிருக்கிறேன், ஆள் நல்ல மாதிரி. காலையில் பட்டி திறக்கும்போது எண்ணச் சொன்னேன். 79 என்றார். நான் 81. (ஐந்து போயிற்று, ஆறு விற்றது, குட்டிகள் சேர்ந்தது, கணக்குக் கேட்காதீர்கள்.) மறுபடி அடைத்துத் திறந்தோம். இப்போது 83. மூன்றாவது தரம் ஆடுகளே சலித்துப்போய் நின்றுவிட்டன.

மத்தியானம் வேப்பமரத்தடியில் ஆடு படுத்து அசை போடுகிற நேரம் அவரையும் உட்காரவைத்தேன். எது அசை போடவில்லை என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது அவர் போனைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழட்டுப் பெட்டையைக் காட்டினார். அது செவிடு, அதற்கு எந்த நோயும் இல்லை. ஆனால் அன்றைக்கு அது அசை போடவில்லை என்பது உண்மை, அதை நான் காலையிலேயே கவனித்திருக்க வேண்டும்.

100 வேண்டாம், பத்துப் பெட்டை ஒரு கிடா, கன்னி இன ஆடாக வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கிணற்றுக்குப் பம்பு மாட்டிவிட்டாராம், அகத்தி இடுப்பளவு வந்துவிட்டதாம்.

8 பிப்ரவரி, சனி

தம்பியோடு எட்டயபுரம் சந்தைக்குப் போய் வந்தோம். பதினொன்று வாங்கினார். எல்லாவற்றின் பல்லையும் அவரே பார்த்தார். ஒன்றில் ஏமாந்தோம், அது என் யோசனை.

19 பிப்ரவரி

இப்போது ராத்திரி ஒன்பதரை. தம்பி போன். "அண்ணே, ஒன்னு தீனி எடுக்கல, ஓரமா நிக்குது."

எது என்றேன்.

"அந்தப் பால்கன்னி, வலது காது நுனி மடிஞ்சிருக்குமே, எப்பவும் தொட்டிகிட்ட முதல்ல வந்து நிக்குமே, அதுண்ணே."

நான் அந்த ஆட்டை ஒரே நாள்தான் பார்த்தேன், காது மடிந்திருந்தது என் கண்ணில் படவில்லை. இடது பள்ளத்தைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன், உப்பவில்லையாம். இமை சிவப்பாம். பின்னால் ஒரு மாதிரி ஒழுகுகிறது என்கிறார். சினையோடு வாங்கியதா என்று கேட்டேன், சந்தையில் யாரும் சொல்லவில்லை என்கிறார். நாங்களும் பார்க்கவில்லை.

கிளம்புகிறேன். டார்ச்சில் சார்ஜ் இல்லை, மகனுடையதை எடுத்துக்கொண்டு போகிறேன்.